மூன்றாவது துளிர்

விருப்பமா என்று கேட்பதற்குத்தான் தாரணிக்குச் சம்பளம். கோவையில் ஒரு பெரிய மருத்துவமனையின் ஈரல் மாற்றுப் பிரிவில், நடைவழியின் கோடியில் இருந்த சின்ன அறை அவளுடையது. தன் ஈரலில் ஒரு பங்கை வெட்டிக் கொடுக்க வருகிற எவரும் கத்திக்கு முன்னால் அந்த அறைக்குத் தனியாக வந்தாக வேண்டும். கூட அம்மா வரக்கூடாது, புருஷன் வரக்கூடாது, ஊர்ப் பெரிய மனிதர் யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு தாரணி கேட்பாள்: "உங்களுக்கு மனசார விருப்பமா?"

பெரும்பாலோர் ஆமாம் என்பார்கள். சிலர் ஆமாம் என்று சொல்லிக்கொண்டே அழுவார்கள். அப்படி அழுகிறவர்களிடம் அவள் நாற்காலியைக் கொஞ்சம் முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு, "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. வெளியில யாருக்கும் தெரியாது. நான் பாத்துக்கறேன்" என்பாள்.

பார்த்துக்கொள்வது என்றால் பொய் சொல்வது. வெளியே வந்து, காத்திருக்கும் குடும்பத்திடம், "இவங்க ஈரல்ல ரத்தக்குழாய் அமைப்பு சரியில்லைங்க, பொருந்தாது" என்று நாக்கூசாமல் சொல்லிவிடுவாள். குடும்பம் உச்சுக்கொட்டும், வேறு ஆளைத் தேடும். டாக்டர்களுக்கும் இது தெரியும். தெரிந்தும் அவளிடம் யாரும் விளக்கம் கேட்டதில்லை. எத்தனையோ மருமகள்களும் தம்பிகளும் அந்த ஒரு பொய்யைப் போர்த்திக்கொண்டு, கெட்ட பெயர் இல்லாமல் வீடு போய்ச் சேர்ந்தார்கள். உலகத்தில் எல்லாப் பொய்யும் பாவமில்லை என்று தாரணி நம்பினாள். நம்பாமல் அந்த வேலையில் இருபது வருஷம் உட்கார்ந்திருக்க முடியாது.

பிறகுதான் தளிர் வந்தது.

கீழாநெல்லி தெரியாதவர்கள் நம் பக்கம் யார் இருக்கிறார்கள்? வரப்போரத்தில் கேட்பாரில்லாமல் முளைக்கிற செடி. காமாலை என்றால் பிடுங்கி அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பார்கள், உப்பும் எண்ணெயும் சேர்க்காமல் பத்தியம் வைப்பார்கள். அந்தச் செடியின் சாற்றோடு இன்னும் இரண்டு மூலிகைகளின் சாற்றைச் சேர்த்து, வடித்து, பிரித்து, கடைசியில் ஓர் ஊசி மருந்தாக்கிவிட்டார்கள். அதற்கு வைத்த பெயர்தான் தளிர்.

வருகிற குடும்பங்களுக்கெல்லாம் டாக்டர் சாமுவேல் அதை விளக்குவதைத் தாரணி எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். "ஈரல் எப்பவுமே வளரக்கூடியதுதான். பாதிய வெட்டி எடுத்தா மிச்சப் பாதி பெருத்து, எல்லா வேலையையும் அதுவே இழுத்துப் போட்டுச் செஞ்சுக்கும். ஆனா வெட்டின துண்டு போனது போனதுதான். அந்த இடத்துல புதுசா ஒரு துண்டு, அதுக்கான குழாய்களோட முளைக்காது. அதனாலதான் ஒரு ஆள் வாழ்க்கையில ஒரே ஒரு தடவ குடுக்கலாம்னு வெச்சிருந்தோம். தளிர் போட்டா வெட்டின இடத்துலயே துளிர்க்குது. சில மாசத்துல பழையபடி முழு ஈரல்."

"அப்ப அந்த ஊசிய நோயாளிக்கே போட்டுர்லாமில்லீங்களா?" என்று யாராவது ஒருவர் கேட்பார்.

"கெட்டு, கல்லாப் போன ஈரல்ல துளிர் வராதுங்க. அதுக்கு நல்ல ஈரல் வேணும்."

ஆக, நல்ல ஈரல் வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. முன்பெல்லாம் ஈரல் கேட்பதற்கு ஒரு கூச்சம் இருந்தது. கேட்கிறவர் அழுவார், தயங்குவார், வேண்டாம் என்றால் மன்னித்துவிடவும் செய்வார். தளிர் வந்தபிறகு அந்தக் கூச்சம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. "வளந்துருமில்ல" என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. வளர்ந்துவிடுகிற ஒன்றைக் கொடுக்கமாட்டேன் என்பவளை என்னவென்று சொல்வது? ஊர் சொன்னது. கல்நெஞ்சக்காரி என்று சொன்னது.

கொங்குப் பக்கத்தில் அண்ணன் கல்யாணத்தில் இணைச்சீருக்கு அவன் பக்கத்தில் பட்டுடுத்தி உட்கார்கிற தங்கை உண்டே, அண்ணனுக்கு ஒன்று என்றால் அவள்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லாமலே ஒரு வழக்கம் வந்துவிட்டது. கொடுத்தவளுக்குத் தளிர்ச்சீர் என்று புதுப்புடவையும் இளநீர்க் குலையும் எடுத்துப் போனார்கள். முச்சந்தியில் அவள் படம் போட்டு 'ஈரல் தந்த குலவிளக்கே' என்று பேனர் கட்டினார்கள். ஆண்களின் ஈரலும் துளிர்க்கத்தான் செய்யும், மருந்துக்கு ஆண் பெண் பேதம் தெரியாது. கேட்பவர்களுக்குத்தான் தெரிந்திருந்தது. செத்தபிறகு உறுப்பு தருவதாகப் பெயர் பதிகிறவர்களும் குறைந்துபோனார்கள். வீட்டிலேயே ஆள் இருக்கும்போது பிணத்தை எதற்குக் கீற வேண்டும் என்றார்கள்.

தாரணியின் அறை மட்டும் அப்படியே இருந்தது. அவள் கேள்வியும் அப்படியே இருந்தது. ஆனால் பதிலை வைத்துக்கொண்டு அவள் செய்யக்கூடியது அநேகமாக ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

மேகலா அந்த அறைக்கு வந்தது மூன்றாவது தடவை. காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வயது நாற்பதைத் தொடவில்லை. முதல் தடவை அப்பாவுக்குக் கொடுத்தாள், அடுத்து மாமியாருக்கு. இப்போது அண்ணன் பூபதிக்கு. பூபதி தென்னைநார் ஆலை வைத்திருந்தவன், குடிப்பழக்கம் கிடையாது. எப்போதோ ரத்தத்தில் ஏறிய கிருமி, சத்தமில்லாமல் ஈரலைத் தின்று முடித்திருந்தது. அவன் மனைவி சந்திரிகாவின் ரத்தம் வேறு வகை. தம்பி நவநீதனிடம் யாரும் கேட்கவே இல்லை. மேகலாதான் இருக்கிறாளே.

தாரணி கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். "உங்களுக்கு மனசார விருப்பமா?"

"மொத ரெண்டு தடவையும் இதே கேள்வியத்தான் கேட்டீங்க."

"ஞாபகம் இருக்குங்க."

"மொத தடவ நெசமாவே ஆமாதானுங்க. எங்கப்பாவுக்குக் கேக்கவா வேணும். ரெண்டாந்தடவ பாதி ஆமா." மேகலா கைப்பையின் வாரைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தாள். "இப்ப இல்லீங்க."

தளிர் வந்த இத்தனை வருஷத்தில் இவ்வளவு நேராக யாரும் சொன்னதில்லை.

"பயமா இருக்குதுங்களா?"

"பயமுமில்ல, வலியுமில்லீங்க. எங்கண்ணன் நல்ல மனுசனுங்க. பொறந்த ஊட்டு மொறையா எனக்கு எழுதிங்கள் சீர் பண்ணறப்ப ஊரே மெச்சற மாதிரிப் பண்ணுனாரு. அவரு மேல எனக்கு ஒரு மனஸ்தாபமும் இல்லீங்க. காரணம் என்னன்னு கேட்டீங்கன்னா எங்கிட்ட இல்லீங்க. காரணம் இருந்தாத்தான் வேண்டாம்னு சொல்லோணுமுங்களா?"

"இல்லைங்க. அப்படி ஒண்ணும் இல்ல."

"என்னைய ஆருமே கேக்கலீங்க. அண்ணனுக்கு ஈரல் போச்சுன்னு டாக்டர் சொன்ன அன்னைக்கே எங்கம்மா பத்தியக் கஞ்சிக்குப் பச்சரிசி பொடைக்க உக்காந்துட்டாங்க. எங்க சித்தப்பா, அவருக்கும் ஈரல் சரியில்லீங்க, 'அடுத்தது என்ற முறை அம்மணி'ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றாரு. பொறவாசல்ல நிக்கற முருங்க மரத்துகிட்டக் கேட்டுட்டா காய் பறிக்கறோம்?"

கேட்கத்தான் வேண்டும், அதுதான் அவள் வேலை என்பதால் தாரணி கேட்டாள். "நாளைக்கு உங்க அண்ணனுக்கு ஏதாவது ஆச்சுன்னா? அதத் தாங்கிக்குவீங்களா?"

மேகலாவின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, ஆனால் விழவில்லை. "தாங்க மாட்டனுங்க. அதையும் யோசிச்சுப் பாத்துட்டுத்தான் சொல்றேன்."

வெளியே நான்கு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா நாச்சம்மாள், சந்திரிகா, நவநீதன், அந்தச் சித்தப்பா. தாரணி வந்ததும் எல்லாரும் எழுந்தார்கள், நாச்சம்மாள் மட்டும் எழவில்லை. எழுபதைத் தாண்டிய பெண்மணி. எதையும் உடனே நம்பாத கண்கள்.

தாரணி பழைய பாட்டையே ஆரம்பித்தாள். ரத்தக்குழாய், அமைப்பு, பொருத்தம்.

நாச்சம்மாள் இடைமறித்தாள். "ரெண்டு தடவ பொருந்துன குழாய் இப்ப எங்கீங்க போச்சு?"

சந்திரிகா நிமிர்ந்து பார்த்தாள். தாரணிக்குப் பின்னால், அறை வாசலில், மேகலா தரையைப் பார்த்தபடி நின்றாள். இனிமேல் உண்மையைச் சொன்னால் இவள் எந்த வீட்டுக்குத் திரும்புவாள் என்று ஒரு கணம் நினைத்தாள் தாரணி. அடுத்த கணம் அவள் வாய் தானாகப் பேசியது.

"குழாய் மட்டுமில்லைங்கம்மா. தளிர் மருந்து ஒரு உடம்புல ரெண்டு தடவதான் கேக்கும். மூணாவது தடவ துளிர்க்காது. வெட்டினா வெட்டினதுதான். உயிருக்கே ஆபத்து."

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

சித்தப்பாவின் முகம் வாடிப்போனதைத் தாரணி பார்த்தாள். நாச்சம்மாள் மகளைப் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னாள். மேகலா உட்கார்ந்தாள். அம்மாவின் கை அவள் முதுகில் போய் நின்றது.

டாக்டர் சாமுவேலுக்கு விஷயம் மாலைக்குள் எட்டிவிட்டது. கூப்பிட்டு அனுப்பினார். கோபப்படவில்லை, அதுதான் தாரணிக்குக் கஷ்டமாக இருந்தது.

"குழாய் சரியில்லைன்னு சொன்னா அது ஒருத்தரப் பத்தின பொய். இது மருந்தப் பத்தின பொய், தாரணி. எல்லாருக்கும் ஆனது."

"தெரியுது சார்."

"மூணாவது தடவையும் துளிர்க்கும். நாலாவது தடவையும் துளிர்க்கலாம். வெளிநாட்டுல பாத்திருக்காங்க. நாளைக்கு ஒருத்தர் வந்து எங்கிட்ட நேரா கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"எனக்கு வேற வழி தெரியல சார். இந்த மருந்து வந்ததுலருந்து வேண்டாம்னு சொல்ல ஒரு பொம்பளைக்கும் வழியில்லாமப் போச்சு. ஒடம்புல ஒண்ணும் குறையாதாம், அதனால மறுக்கக் கூடாதாம். அப்ப அந்த உடம்பு யாருது சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பூபதிக்கு வேற ஆள் கெடைக்கலைன்னா?"

ஒருத்தியைக் காப்பாற்றப் போய் ஒருவனைக் கொன்றுவிட்டோமோ என்ற பயம் அன்றிலிருந்து அவளோடு வீட்டுக்குப் போனது, சாப்பாட்டுக்கு உட்கார்ந்தது, காலையில் அவளோடு பஸ் ஏறியது.

பொய்க்குக் கால் முளைக்க ரொம்ப நாள் ஆகவில்லை. தாரணியின் அறைக்கு வந்த பெண்கள் உட்காரும்போதே, "எனக்கு ரெண்டு முடிஞ்சுதுங்க" என்று சொல்லத் தொடங்கினார்கள். கெஞ்சவில்லை, அழவில்லை, பஸ்ஸில் டிக்கெட் எடுத்தாயிற்று என்று சொல்வது போலச் சொன்னார்கள். ஒரே ஒரு தடவை கொடுத்தவர்கள்கூட, "இன்னும் ஒண்ணுதான் பாக்கி, அத எம்புள்ளைக்கு வெச்சிருக்கேன்" என்றார்கள். அதற்கு எந்த மாமியாராலும் பதில் பேச முடியவில்லை. கரூரிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் இதே வேலையில் இருந்த பெண்கள் போன் செய்தார்கள்.

"அக்கா, மூணாவது தடவ துளிர்க்காதாமே. நெசமாக்கா?"

"எங்க அனுபவத்துல அப்படித்தாம்மா."

ஒரே தொழில்காரர்களுக்குப் புரியாதா என்ன. "சரிக்கா, எங்க அனுபவமும் அப்படித்தான்" என்று போனை வைத்துவிடுவார்கள்.

இதற்கிடையில் எல்லாரும் வியக்கும்படி நவநீதன் முன்வந்தான். இதுவரை யாரும் தன்னைக் கேட்கவில்லை என்பதே அவனுக்கு உள்ளூரக் குறையாக இருந்திருக்கிறது. அறைக்குள் வந்து, தாரணி கேள்வியை முடிக்கும் முன்பே தலையாட்டினான். "விருப்பம்தானுங்க. எங்கண்ணன் இல்லைன்னா எனக்கு ஆரு இருக்கறா." ஆனால் சோதனையில் அவன் ஈரல் முழுக்கக் கொழுப்பு படிந்திருந்தது. அதை வெட்டினால் இரண்டு பேரும் பிழைக்கமாட்டார்கள். இந்த முறை தாரணி உண்மையைத்தான் சொன்னாள். அவன் நடைவழியிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

நாச்சம்மாள் தாரணியை ஏற இறங்கப் பார்த்தாள். "இது நெசமாத்தானுங்களா?"

"நெசந்தானுங்கம்மா."

கிழவி தலையாட்டிவிட்டு நவநீதனிடம் போனாள். இவளுக்கு எதுவோ தெரியும் என்று தாரணிக்குப் பட்டது. ஆனால் எது என்று தெரியவில்லை.

ஒன்றுவிட்ட அண்ணன்கள், மச்சான்கள், பங்காளிகள் எல்லாரும் மெல்ல மெல்லப் போனை எடுக்காமல் விட்டார்கள். இறந்தவர் ஈரலுக்குப் பெயர் எழுதிவைத்தார்கள், அந்த வரிசை நகர்வதாகத் தெரியவில்லை. பூபதியின் கண்கள் மஞ்சளித்தன, வயிற்றில் நீர் கோத்தது. சில நாட்கள் பெற்ற மகனின் பெயரே அவனுக்கு நினைவுக்கு வரவில்லை. தாரணி அவன் அறையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

ஒரு காலைப்பொழுதில் அவள் கதவைத் திறந்தபோது மேகலா உள்ளே உட்கார்ந்திருந்தாள். தனியாக வந்திருந்தாள்.

"நான் குடுக்கறனுங்க" என்றாள்.

தாரணிக்கு ஒரு பக்கம் உயிர் வந்தது, இன்னொரு பக்கம் சந்தேகம் வந்தது. கதவைச் சாத்தினாள். "யாராவது ஏதாவது சொன்னாங்களா? உங்க அண்ணி அழுதாங்களா?"

"ஆரும் ஒண்ணுஞ்சொல்லலீங்க. ஊட்டுல என்னைய ஒரு வேல செய்ய உடறதில்ல. எங்கம்மா தலைக்கு எண்ணெ வெச்சு உடறாங்க. 'நீ குடுத்த வரைக்கும் போதும் சாமி, உனக்கு ஒண்ணும் ஆகக்கூடாது'ங்கறாங்க. எனக்கு வெவரம் தெரிஞ்சு அவங்க என்னையப் பாத்து இப்படிப் பயந்ததே இல்லீங்க." மேகலா லேசாகச் சிரித்தாள். "நேத்து அண்ணனுக்கு நெனவு நல்லா இருந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் மட்டும் உக்காந்து பேசிட்டிருந்தோம். சின்ன வயசுல கெணத்துல குதிச்ச கதை, வாத்தியார்கிட்ட அடி வாங்குனதுன்னு. ஈரலப் பத்தி ஒரு வார்த்த பேசலீங்க அவரு. எழுந்து வர்றப்ப எனக்கே தோணுச்சு. இந்த மனுசன் போகக்கூடாதுன்னு."

"அன்னைக்கு வேண்டாம்னு சொன்னீங்களே?"

"அன்னைக்கு அத நான் சொல்லலீன்னா இன்னைக்கு இது எனக்கு வந்திருக்காதுங்க. இழுத்துட்டுப் போய்ப் படுக்க வெச்சிருப்பாங்க, நானும் படுத்திருப்பேன். அவ்வளவுதான்."

தாரணி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். இருபது வருஷமாக அவள் கேட்ட ஆமாம்களில் இப்படி ஒன்று இருந்ததா என்று யோசித்துப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து, மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். மூன்றாவது தடவையும் துளிர்க்கத்தான் செய்யும், ஆனால் துளிர்க்காது என்று வீட்டார் நம்பியிருக்கிறார்கள், எனவே விடமாட்டார்கள். உண்மையைச் சொன்னால் அன்று வேண்டாம் என்றது நீங்கள்தான் என்று தெரிந்துவிடும். அதைவிடப் பெரிய சங்கடம், நீங்கள் கொடுத்து அது துளிர்த்தது என்று வெளியே தெரிந்தால், இரண்டு முடிந்தது என்று சொல்லி நிம்மதியாக இருக்கிற எத்தனையோ பெண்களின் கதவை மறுநாளே தட்டுவார்கள்.

"நாலாவதா உங்க கதவையும்தான்" என்றாள்.

மேகலா யோசித்தாள். "ஊட்டுல நானே சொல்லிக்கறேன். வெளிய நடக்கறது என்னன்னு அப்பறம் பாப்போமுங்க. மொதல்ல எங்கண்ணன் பொழைக்கட்டும்."

டாக்டர் சாமுவேல் கேட்டதும் உடனே நாள் குறிக்கச் சொன்னார். தாமதமாகிவிட்டது, ஆனாலும் வாய்ப்பு இருக்கிறது என்றார். கொடுத்தது யார் என்று ஊருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் எந்தச் சட்டத்திலும் இல்லை என்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைத்தார்.

பூபதியின் அறையில் நாச்சம்மாளும் சந்திரிகாவும் இருந்தார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் நடைவழியில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள், சித்தப்பாதான் நடுநாயகமாக உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார். தாரணி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். மேகலா அண்ணனின் கால்மாட்டில் போய் நின்றாள்.

"அம்மா, மூணாவது தடவையும் துளிர்க்குமாம்" என்றாள். "இவங்க அன்னைக்குச் சொன்னது பொய். எனக்காகச் சொன்னாங்க. நான்தான் வேண்டாம்னு சொன்னேன்."

சந்திரிகாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் மேகலா பக்கம் திரும்பினாள். "அன்னைக்கே குடுத்திருந்தா இவரு இந்தக் கோலத்துக்கு வந்திருப்பாரா? எம்பட புள்ளைக அப்பனில்லாம நின்னாலும் பரவால்லைன்னு இருந்திருக்கறீங்க."

சந்திரிகா சொன்னதில் நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? தாரணிக்கும் அது தன் முகத்தில் அறைந்தது போலத்தான் இருந்தது. "அந்தப் பேச்சு எனக்கு வரவேண்டியதுங்க" என்றாள். சந்திரிகா அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"இப்பக் குடுக்கறேன் நங்கை" என்று அண்ணியிடம் சொன்னாள் மேகலா. "அதச் சொல்லத்தான் வந்தேன்."

பூபதி கண்ணைத் திறந்தான். பேச அவனுக்கு மூச்சு போதவில்லை, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

"அம்மணி. இப்ப உன்னைய ஆரு கேட்டாங்க?"

"ஆரும் கேக்கலீங்ணா."

"நெசமா?"

"நெசமாத்தானுங்ணா. நானாத்தான் வந்தேன்."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "அப்பச் சரி" என்றான். மூடிய கண்ணோரத்தில் நீர் வழிந்து தலையணையில் இறங்கியது. சந்திரிகா அதைத் துடைக்கப் போய், துடைத்த கையோடு கட்டிலில் தலையைச் சாய்த்து அழுதாள்.

நாச்சம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து வந்து மகளின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தினாள்.

"குழாயப் பத்திக் கேட்டேன் பாரு, அன்னைக்கே எனக்குச் சமுசயந்தான். உன்ற மூஞ்சியப் பாத்தேன். ஆனா வாய் தொறந்து உன்னையக் கேக்கோணும்னு எனக்குத் தோணவே இல்லியே சாமி. பெத்தவ நானு. மூணு தடவைல ஒருக்காலாவது, உனக்குச் சம்மதமா அம்மணின்னு கேட்டிருக்கலாமில்ல."

"உடும்மா" என்றாள் மேகலா.

தாரணிக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொல்லவும் வெட்கமாக இருந்தது. இருந்தாலும் சொன்னாள். "எனக்கு ஒரு உதவி பண்ணோணுங்க. இது இந்த நாலு சுவத்துக்குள்ள இருக்கட்டும். வெளியில தெரிஞ்சா..." என்று தொடங்கி, தன் அறைக்கு வருகிற பெண்களைப் பற்றி, கரூரைப் பற்றி, திண்டுக்கல்லைப் பற்றிச் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தன் பொய்யைக் காப்பாற்றச் சொல்லி மரணப்படுக்கையில் இருப்பவன் குடும்பத்திடம் கெஞ்சுகிறோமே என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"ஊருல இருக்கறவங்களுக்கெல்லாம் நாங்க பொய் சொல்லோணுமுங்களா?" என்றாள் சந்திரிகா தலையைத் தூக்காமல்.

நாச்சம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனாள். தாரணி பின்னாலேயே போனாள்.

கிழவியைப் பார்த்ததும் சொந்தக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். சித்தப்பா எழுந்து வந்தார். "என்னாச்சுங்க நங்கை? பூபதிக்கு என்ன சொல்றாங்க?"

"ஈரல் கெடைச்சிருச்சு" என்றாள் நாச்சம்மாள். குரலில் பிசிறே இல்லை. "ஆரோ வெளியூர்க்காரரு, ரோட்டுல அடிபட்டுப் போயிட்டாராமா. அவிய ஊட்டுல பெரிய மனசு பண்ணிக் குடுத்திருக்கறாங்க. பேரு ஊரெல்லாம் சொல்ல மாட்டாங்களாமா. எந்தப் புண்ணியவானோ, நல்லா இருக்கோணும்."

நடைவழியில் பெருமூச்சு கேட்டது. யாரோ சாமி பெயரைச் சொல்லிக் கும்பிட்டார்கள். சித்தப்பா கொஞ்சம் தயங்கிவிட்டு, "அப்ப நம்ம மேகலாவுக்கு..." என்று இழுத்தார்.

"அவளுக்கு ரெண்டோட முடிஞ்சுது. டாக்டர் தீத்துச் சொல்லிப்போட்டாங்க. இனி வெட்டுனா எம்புள்ள எனக்கில்ல. அதனால இன்னைக்கே சொல்லி வெச்சர்றேன், இனிமே ஆரும், எவ்வளவு வேண்டப்பட்டவங்களா இருந்தாலுஞ்சரி, அவளப் போயிக் கேக்கப்படாது. கொஞ்ச நாளைக்கு அவ என்ற கூட இங்கயே இருப்பா, அண்ணனப் பாத்துக்க. ஆரும் வந்து பாக்கோணும்னு இல்ல."

சித்தப்பா தலையை ஆட்டிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். வயிற்றின் வலப்பக்கத்தை அவர் கை தானாகத் தடவிக்கொண்டது. அவரைப் பார்க்கவும் தாரணிக்குப் பாவமாகத்தான் இருந்தது.

நாச்சம்மாள் திரும்பி நடந்தாள். தாரணியின் அறை வாசல் வரை வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். தாரணி ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்து உள்ளே நாற்காலியில் உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள், பாதி கிழவியின் மடியில் சிந்தியது.

கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு நாச்சம்மாள் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"சரியாச் சொல்லிப்போட்டனுங்களா?"